அப்பா வாட்ச்சை அப்டேட் செய்த சாயங்காலம்

டாக்டர் அப்பாவுக்கு தினமும் எட்டாயிரம் அடி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நடக்கிற அடிதான். அம்மா அன்றைக்கே ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி அவர் கையில் மாட்டிவிட்டாள். அது எண்ணும். எண்ணியது அம்மா போனில் தெரியும். அப்பா லிப்ட் மெக்கானிக். ஊரில் யாரும் நடக்கக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்.

ஸ்கூல் முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருப்பதால் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு ஃபுட்பால் ஃபைனல். அப்பா நடக்கிற நேரமும் ஆறு மணிதான். காலையிலேயே என் காதில் சபதம் போட்டார்: "இன்னிக்கு ஒரு அடி எடுத்து வச்சேன்னா என் பேரை மாத்திக்கறேன்."

ஐந்து ஐம்பதுக்கு அம்மா செருப்பை எடுத்துப் போட்டாள்.

"வாட்ச்சுல அப்டேட் நடக்குதும்மா," என்றார் அப்பா.

"அது நடக்கட்டும். நீங்களும் நடங்க."

"ஐயோ, ஃபர்ம்வேர் அப்டேட்! விளையாட்டா? வாட்ச் சார்ஜர்லயே இருக்கணும். என் போனும் பக்கத்துலயே இருக்கணும், யாரும் தொடக் கூடாது. வைஃபை ஒரு செகண்ட் தடுமாறினாலும் வாட்ச் உயிர் போய் செங்கல் ஆயிடும்."

"செங்கல்லா?"

"செங்கல். வீடு கட்டக்கூட ஆகாது."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

போன் திரையில் பதினோரு நிமிடம் என்று இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

அப்பா சோபாவில் சாய்ந்து டிவியைப் போட்டார். அம்மா அணைத்தாள்.

"என்னடி இது!"

"டிவியும் வைஃபைலதானே ஓடுது? அது இழுத்துக்கிட்டா வாட்ச் செங்கல் ஆயிடாதா?"

அப்பா முகம் லிப்ட் மாதிரி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது.

"சரி, போன்ல ஸ்கோர் மட்டும்..."

"தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேக்கரியில ஒரு ரொட்டி வாங்கிட்டு வாங்க. போக வர எட்டாயிரம் அடி."

"தெருமுனையிலயே பேக்கரி இருக்கே!"

"பாலத்துப் பேக்கரி பை மேல அவங்க கடை பேரு போட்டிருக்கும். வாட்ச் எண்ணலன்னா பரவால்ல, நான் பையைப் படிச்சுக்கறேன்."

"பைக்ல போயிட்டு..."

"பைக் வேணாம். பை போதும்." சாவி அம்மா கையில் இருந்தது.

அப்பா போனார். தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், வாட்ச் டிங் என்றது. அப்டேட் முடிந்தது. அம்மா டிவியைப் போட்டுவிட்டு, அப்பா சாய்ந்த அதே இடத்தில் சாய்ந்தாள். எனக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.

எட்டு மணிக்கு அப்பா ரொட்டியோடு வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"அப்டேட் முடிஞ்சுதா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்துச்சுங்க," என்றாள் அம்மா. "பெனால்டியிலதான் முடிஞ்சுது."