செத்த கோழிக்கு நாடி பார்த்தேன்

கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே எங்கள் ஊர் மலையை ஒருமுறை ஏறி இறங்கிவிடுவேன். உளுந்தூர்பேட்டையில் இறங்க வேண்டியவள் திருநாவலூர் தாண்டி விழித்த கதையெல்லாம் உண்டு. (நடத்துநர் திட்டியதுகூடக் கனவில் யாரோ பேசுவது போலத்தான் இருந்தது.) இப்படிப்பட்டவளை ஓர் இருட்டறையில் தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் முதுகலை இயற்பியல் கடைசி வருடம். வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே. அப்பா சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். எனக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பு, சதைக்குள் வெளிச்சம் எப்படிப் பரவுகிறது என்று அளப்பது. அதற்கு எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்கிற திசு வேண்டும். ஒருபடித்தான திசு என்பார்கள். கோழியின் நெஞ்சுக்கறி அதற்குத் தோதானது என்றார் எங்கள் சாந்தி மேடம். நன்றாகச் செய்தால் அடுத்த வருடம் தன்னிடமே ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டும். அது கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கறிக்கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"எலும்பு வேணாங்க, தோல் வேணாங்க, கொழுப்பு, நரம்பு எதுவும் இருக்கக்கூடாது. எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கணும்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாமா, ஒனக்குக் கோழி வேணுமா, பன்னீர் வேணுமா?"

செய்முறை எளிதுதான். கறியை மெல்லிய வில்லையாக வெட்டிக் கருவியின் மேல் வைக்க வேண்டும். கருவியில் ஒரு முனையிலிருந்து சிவப்பு வெளிச்சம் கறிக்குள் போகும். பக்கத்து முனை திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும். கணினித் திரையில் ஒரு கோடு ஓடும். உயிரில்லாத சதை என்பதால் கோடு ஆடாமல் அசையாமல் நேராக ஓட வேண்டும்.

வில்லையை அழுத்திப் பிடிக்கிற கிளிப் அன்றைக்கு உடைந்துபோனது. அதனால் என்ன என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன்.

வெளியே மழை. வெளிச்சம் புகாமலிருக்க ஆய்வக ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. என் விரலுக்கடியில் கறி சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது, பனிமூட்டத்துக்குப் பின்னால் விடிகிற மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன். மழைச் சத்தத்தில் அறையே மெதுவாக மிதந்து மலைப்பக்கம் போவது போலிருந்தது. அப்போதுதான் திரையைக் கவனித்தேன். கோடு நேராக இல்லை. மெல்ல எழும்பியது, தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. தூங்குகிற குழந்தையின் மார்பு போல.

கறிக்குத் துடிப்பு இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் அறிவியலைச் சந்தேகப்பட்டேன். செத்த பிறகும் சதை எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறது, அந்த நினைவுதான் இப்படித் துடிக்கிறது என்று அங்கேயே முடிவு கட்டினேன். ஓடிப்போய் மேடத்தை இழுத்து வந்தேன். அவர் முன்னால் மறுபடியும் அளந்து காட்டினேன். (அதே கட்டைவிரல்.) கோடு அலையலையாக ஓடியது.

"கருவியில ஏதோ கோளாறு இருக்கும்மா" என்றார் முதலில். வேறு வில்லை வைத்தேன், அதுவும் துடித்தது. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத இப்ப வெளிய யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் போனில் சொன்னேன். அப்பாவும் யாரிடமும் சொல்லவில்லை, மலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தவர்களிடம் மட்டும் சொன்னார். "எம் பொண்ணு செத்த கோழிக்கு உசுரு வர வச்சிக்கினு கீறா."

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஒல்லியான, அவசரமே இல்லாத மனிதர். மேடம் பட்டுச்சேலையில் வந்திருந்தார். விளக்கை அணைத்தோம். நான் வில்லையை வைத்து அழுத்தினேன். திரையில் துடிப்பு கொஞ்சம் வேகமாகவே கிளம்பியது.

"இதை ஏன் ஒருபடித்தான திசுன்னு சொல்றீங்க?" என்றார் அவர்.

"எந்த இடத்துல அளந்தாலும் ஒரே மாதிரி இருக்கும் சார்."

"அப்ப நேரத்துக்கு நேரம் ஏன் மாறுது?"

வில்லையை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். திரையில் கோடு ஓட்டம் பிடித்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நான் கேள்வி கேட்டா கோழி ஏம்மா பயப்படுது?"

அந்த நொடியில்தான் என் காதுக்குள் அடிப்பதும் திரையில் அடிப்பதும் ஒரே தாளம் என்பது உறைத்தது. வெளிச்சம் கறியைத் தாண்டி என் விரலுக்குள் போய், விரலில் ஓடுகிற ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளும் நான் அளந்தது என்னைத்தான்!

விரலை எடுத்தால் மானம் போகும், எடுக்காவிட்டால் கோழிக்கு மாரடைப்பே வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன். கண்ணைத் திறந்துகொண்டே மலைக்குப் போய்விட்டேன். சாமைக் காட்டில் காற்று போகிறது. மேகம் இறங்கி வந்து வரப்பில் நடக்கிறது. எங்கேயோ மாட்டின் கழுத்துமணி. மூச்சு நிதானமாயிற்று. திரையில் அலை அகன்று, தணிந்து, ஏரித் தண்ணீர் போல அசைந்தது.

"பாருங்க சார், அமைதியாயிடுச்சு!" என்றார் மேடம் பரவசமாக.

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்தான் என்னை எழுப்பியது. அவர் இதை நம்பி இன்னும் எத்தனை பேரிடம் சொல்வாரோ என்று தோன்றியது. "மன்னிச்சிருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த கண்ணாடித் துண்டை வில்லையின் மேல் வைத்துக் கட்டைவிரலை எடுத்தேன்.

கோடு நேராகப் படுத்துவிட்டது.

வெளியூர்ப் பேராசிரியர்தான் எழுந்து விளக்கைப் போட்டார். "கோழி போயிடுச்சு" என்றார். பிறகு, "உங்க நாடி நல்லா இருக்கும்மா. நினைச்சா அடக்க முடியுதே, அதுதான் ஆச்சரியம்" என்று சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. கறியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வில் தேறிவிட்டேன். உதவியாளர் வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மூட்டையோடு மலைக்குப் போய் இறங்கினால், எங்கள் சின்னம்மா கூடையோடு காத்திருந்தார். உள்ளே ஒரு பெட்டைக்கோழி விறைத்துக் கிடந்தது.

"காலைலதான் செத்துச்சும்மா. முட்ட வக்கிற கோழி. கொஞ்சம் பாரேன்."

நடந்ததைச் சொன்னேன். சின்னம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. "அப்ப கொளம்பு வச்சிரட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு முழுசாக விளங்கிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டில் யார் எதை அடித்துச் சொன்னாலும், கரண்ட் வந்துவிட்டது என்றாலும், பலாப்பழம் பழுத்துவிட்டது என்றாலும், "மொதல்ல கைய எடுத்துட்டு சொல்லு" என்பார். இப்போது என் அண்ணன் பிள்ளைகள் வரை அதைச் சொல்கின்றன.

சேலத்தில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்த பிறகு, கூட வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்துப்போய், பயந்துகொண்டே அப்பாவுக்குப் போன் செய்தேன். "அவருக்கும் எம்மேல ஆசதாம்ப்பா, எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

அப்பா கேட்டார். "அடிக்கிறது அவரு நெஞ்சா, ஒன் நெஞ்சா? கைய எடுத்துப் பாத்தியா?"

"எடுத்துப் பாத்துட்டேம்ப்பா. அப்பவும் அடிச்சிக்கினுதான் இருக்குது."

"அப்ப சரி, இட்டுக்கினு வா" என்றார்.