ஆறுமணி நடத்திய உலகப் பாட்டுப் போட்டி

உலகத்தில் உள்ள கடிகாரங்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனாலும் யாரும் பதற வேண்டியதில்லை. கேமரன் மலைக்கு வண்டி ஏறி, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆறுமணி எங்கே என்று கேட்டால் போதும். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அந்தத் தோட்ட ஆபீசில் நான் எட்டு வருஷம் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகக் குப்பை கொட்டினேன். ஒருநாளும் அந்தப் பெயர் என் காதில் விழுந்ததில்லை. வீட்டுக்குத் தேடிப் போனால் அவர் மனைவியே, "ஆறுமணி குளிக்கப் போயிருக்காரு, உக்காருங்க" என்றுதான் சொல்வார்.

அவர் பெரட்டுக் கிராணி. பெரட்டு என்பது காலை ஆறு மணிக்குத் தோட்டத்து ஆட்களை எல்லாம் களத்தில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. "இருக்கேன்" என்று குரல் வந்தால் அன்றைக்கு வேலை உண்டு. பெயரைக் கூப்பிட்ட பிறகு ஓடி வந்தால் பெயர் வெட்டு. மழை, காய்ச்சல், பேதி எதுவும் அவரிடம் செல்லாது. எங்கள் மேனேஜரை இன்னமும் நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். அந்தத் துரையே ஒருநாள் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தபோது, "இன்னிக்கு உங்களுக்குப் பேர் இல்ல துரை" என்று சொல்லிவிட்டார். துரை சிரித்துக்கொண்டே போய்விட்டார். எங்களுக்குத்தான் கை கால் ஓடவில்லை.

மகள் கல்யாணத்திலும் இதே கதை. மாப்பிள்ளை வீட்டார் தாப்பாவிலிருந்து மலையேறி ரிங்லெட் மண்டபத்துக்கு நாலு நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். இவர் வாசலிலேயே வழிமறித்து, நாளைக்கு வாருங்கள் என்றார். மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அன்றைக்கு ஐயர் மட்டும் குறுக்கே விழுந்து முகூர்த்தம் இன்னும் தாண்டவில்லை என்று சத்தியம் செய்திராவிட்டால், அந்தப் பெண் இன்றைக்கும் அப்பா வீட்டில்தான் இருந்திருப்பாள்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் கையில், ஏழு நாட்டுப் பாடகர்கள் கலந்துகொண்டு உலகம் முழுக்க நேரலையில் போகும் ஒரு பாட்டுப் போட்டி வந்து சிக்கியது. அதற்குக் காரணமும் அவரேதான்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் மங்கை என்ற பெண்மணிக்கு நல்ல குரல். தமிழ் டிவி சேனல் ஒன்று உலகத் தமிழர்களுக்காக நடத்தும் போட்டிக்குப் பாடி அனுப்ப வேண்டுமென்று, ஒருநாள் விடியலில் தேயிலைச் சரிவில் நின்று கைபேசியில் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். பெரட்டுக்கு வந்து சேர நாலு நிமிடம் தாமதம். ஆறுமணி பெயரை வெட்டிவிட்டார். வேலை இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிய மங்கை, அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து பாட்டைச் சேனலுக்கு அனுப்பினார். ஜெயித்தும்விட்டார். ஆனால் ஆறுமணியிடம் பேசுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். பெரட்டில் வெறும் "இருக்கேன்" என்பதோடு சரி. அவரோ, "நான் பேர வெட்டலேன்னா அது எப்ப அனுப்பியிருக்கும்?" என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

அந்தப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. ஜெயித்தவருடைய ஊரில்தான் அடுத்த வருஷத்து இறுதிச் சுற்று. சேனல்காரர்கள் தலைநகரத்தில் ஒரு பெரிய அரங்கத்தைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஆறுமணி போனைப் போட்டு, மங்கையின் ஊர் எது, தோட்டமா தலைநகரமா என்று கேட்டார். மறுமுனையில் தயாரிப்பாளர் பெண் பத்துக் காரணம் சொன்னார். இவர் பத்துத் தடவையும் அதே கேள்வியைக் கேட்டார். கடைசியில் சேனல் இறங்கி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. மூன்று மணிக்கு நேரலை தொடங்கி, மேடை மூன்று நிமிடம் காலியாகக் கிடந்தால், தலைநகரத்தில் பதிவு செய்து வைத்திருக்கும் பழைய நிகழ்ச்சியைப் போட்டுவிடுவார்கள். போட்டியும் மலையை விட்டு இறங்கிவிடும்.

ஆறுமணி பதிலுக்குத் தன் நிபந்தனை ஒன்றை நுழைத்தார். மூன்று மணிக்குப் பெயர் கூப்பிட ஆரம்பிக்க வேண்டும். கூப்பிடும்போது மேடையில் இல்லாத பாடகர் போட்டியிலிருந்து வெட்டு. தயாரிப்பாளர் அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இலை வாட்டும் கொட்டகையைக் காலி செய்து மேடை போட்டோம். விளக்குக்கு ஒரு கங்காணி, நாற்காலிக்கு ஒரு கங்காணி என்று ஆறுமணி ஆட்களைப் பிரித்துவிட்டார். தலைநகரத்திலிருந்து புகை விடும் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தவர், கொட்டகையின் பின்கதவைத் திறந்து காட்டினார். மலைமேல் நின்ற மூடுபனி மொத்தமும் உள்ளே வந்து, தயாரிப்பாளரைக் கால்மணி நேரம் காணவில்லை. மெஷினை அப்படியே திருப்பி ஏற்றிவிட்டார்கள்.

பாடகர்கள் வந்து சேர்ந்த மறுநாளே அவர்களையும் காலை ஆறு மணிக்குக் களத்தில் நிறுத்தினார். மொரீஷியஸ்காரர் இரண்டு கம்பளிக்குள் இருந்துகொண்டு "இருக்கேன்" என்றார். கனடாப் பெண் வரவில்லை. அன்றைய ஒத்திகையில் அவருக்குப் பெயர் வெட்டு. நான் கனடாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று அவர் அழுதார். பக்கத்துத் தெர்லாவிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே சட்டம்தான் என்று ஆறுமணி சமாதானம் சொன்னார். அடுத்த நாள் ஐந்தரைக்கே அந்தப் பெண் களத்தில் தன்னந்தனியாக நின்றதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

போட்டி நாளும் வந்தது. மத்தியானம் திரிங்காப் பூத்தோட்டத்தில் சின்னதாக ஒரு படப்பிடிப்பு என்று ஏழு பாடகர்களையும் ஒரே வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். மங்கையும் அதில்தான் இருந்தார். இரண்டரை மணிக்குத் தயாரிப்பாளருக்குப் போன் வந்தது. முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று வழியில் குடைசாய்ந்து, ரோடு முழுக்க அடைத்துக்கொண்டதாம். எப்படிப் பார்த்தாலும் நாலு மணி ஆகும். அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"அங்கிள், இது லைவ் லா. ஸ்டேஜ்ல ஆளே இல்ல. நீங்க கூப்பிட்டா ஏழு பேரும் அவுட். கூப்பிடலேன்னா மூணு நிமிஷத்துல மேல இருந்து கட் பண்ணிடுவாங்க" என்றார்.

ஆறுமணி கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தின் நடுவில் மங்கையின் புருஷன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மங்கைக்குப் போன வருஷம் கிடைத்தது கைபேசிக்குள் ஒரு வெற்றி. தன் சனங்களுக்கு முன்னால், தன் ஊரில், மேடை ஏறிப் பாட இருந்தது இன்றைக்குத்தான். இந்த மனிதர் தன்னுடைய சட்டத்தாலேயே அதைக் கெடுக்கப் போகிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மணி மூன்று. சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறுமணி பெரட்டு நோட்டோடு மேடையின் நடுவில் போய் நின்றார்.

"ஒண்ணு. மாரியாயி" என்றார்.

ஏழு பாடகர்களில் அப்படி ஒரு பெயரே கிடையாது. மாரியாயி வீட்டு விசேஷத்துக்கு வந்தவரைப் போலப் பட்டுப்புடவையில் மூன்றாவது வரிசையில் இருந்தார். தயங்கித் தயங்கி எழுந்து, "இருக்கேன்" என்றார். கேமரா அவர் பக்கம் திரும்பியது.

"ரெண்டு. பெரியசாமி."

பெயர் கூப்பிட ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் விதியில் எழுதியிருந்தது. யாருடைய பெயரில் ஆரம்பிப்பது என்று எழுதவில்லை. தோட்டத்துப் பெரட்டு முழுவதும் உலக நேரலையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே ஐந்தாறு பெயர் ஆகிவிட்டது. வங்காள தேசத்திலிருந்து வந்து எங்களோடு கொழுந்து எடுக்கும் ரஃபீக் எழுந்து நின்று, தமிழில் "இருக்கேன்" என்றபோது கூட்டம் கைதட்டியது.

"பதிமூணு. அஞ்சலை."

"இருக்கேன்."

"பதினஞ்சு. குமரேசன்."

பதினாலைத் தாண்டிவிட்டார். பதினாலு, மங்கை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பெயரைத் தாண்டியது கிடையாது. கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. உலகம் பார்க்கிற மேடையிலா பழைய பகையைத் தீர்ப்பார் ஒரு மனிதர் என்று பல்லைக் கடித்தேன். மங்கையின் புருஷன் எழுந்துவிட்டார்.

"ஐயா, பதினால விட்டுட்டீங்க."

"தெரியும். உக்காரு" என்றார் ஆறுமணி.

பட்டியல் தீர்ந்தது. வேனைக் காணவில்லை. நோட்டை மூடினார். இப்போது மனப்பாடமாகவே, வேலையை விட்டுப் போனவர்களைக் கூப்பிடத் தொடங்கினார். சிங்கப்பூருக்குப் போன ராஜம்மா, ஜொகூரில் லோரி ஓட்டும் சன்னாசி, லண்டனில் நர்ஸாக இருக்கும் பெரியசாமி மகள். தயாரிப்பாளர் தன் கைபேசியைப் பார்த்துவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தார். பார்க்கிறவர்கள் எழுதும் இடத்தில் "இருக்கேன்" "இருக்கேன்" என்று வந்து விழுந்துகொண்டே இருந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் அவர் தலைநகரத்துக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தயவுசெஞ்சு கட் பண்ணாதீங்க."

நாலேகாலுக்கு வாசலில் ஒரு காய்கறி லோரி வந்து நின்றது. விழுந்த லோரிக்கு அந்தப் பக்கம் வரை நடந்து போய், அங்கே திரும்பிய காலி லோரியில் ஏறி வந்திருக்கிறார்கள். பட்டும் சரிகையுமாக ஏழு பேர் பின்பக்கத்திலிருந்து குதித்தார்கள். கனடாப் பெண்ணின் தலையில் ஒரு கோஸ் இலை ஒட்டியிருந்தது. மேடையில் ஏறி வரிசையாக நின்றதும் ஆறுமணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆறு பேரும் பெரட்டுப் பழகியவர்கள்போல் கணீரென்று பதில் சொன்னார்கள். அப்புறம் அவர் மூடிய நோட்டைத் திரும்பத் திறந்தார்.

"பதினாலு. மங்கை."

கூப்பிடாத பெயருக்குத் தாமதம் ஏது? அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒன்றேகால் மணி நேரமாக அந்த ஒரு பெயரை வெட்டாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார் மனிதர்.

"இருக்கேன் ஐயா" என்றார் மங்கை. வெறும் "இருக்கேன்" போய், அந்த "ஐயா" வர ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிறகு பாடினார். எப்படிப் பாடினார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

மங்கைக்கு அன்றைக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். மறுநாள் காலை, ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லி முடித்து அவர் களத்துக்கு வரும்போது ஆறு மணி மூன்று நிமிடம். ஆறுமணி பெயரை வெட்டிவிட்டார். நாங்கள் விக்கித்து நின்றோம். மங்கை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

நான் இப்போது தலைநகரத்தில் எழுதிப் பிழைக்கிறேன். இங்கே நான் வந்தேனா, வரவில்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை மலையேறி, ஐந்தே முக்காலுக்கே பெரட்டுக் களத்தில் போய் நின்றுகொள்கிறேன். எனக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. அது அவருக்கும் தெரியும். பட்டியல் முடிந்ததும் என் பக்கம் பார்க்காமலே என் பெயரையும் ஒருதடவை கூப்பிடுகிறார்.