ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டிய பால்

மகாராஜ நகர்,
பாளையங்கோட்டை,
4-9-1996

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

அம்மையப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆழ்வார்குறிச்சியில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை வடிவம்மாள் நலம், நான் நலம், புது வீடும் நலம். ஆனால் அது எந்த வீடு என்பதில் மட்டும் ஒரு சிறு மாற்றம் ஏற்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தீர்கள். பழைய நினைப்பில் நேரே ஐந்தாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம். மூன்றாம் மாடியில் தட்டவும். காரணத்தைக் கோபப்படாமல் படிக்க வேண்டுகிறேன்.

ஐந்தாம் மாடி வீடு தாங்களே முன்நின்று பார்த்துப் பிடித்துக் கொடுத்தது. பால்கனியில் நின்றால் நெல்லையப்பர் கோபுரம் தெரியும் என்று அதைத் தேர்ந்தெடுத்தீர்கள். பால் காய்ச்ச நல்ல நேரமும் தாங்களே குறித்துக் கொடுத்தீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. குறை கட்டடத்தைப் புதுப்பித்த விதத்தில் இருக்கிறது. உரிமையாளர் ஷேக் மைதீன் துபாயிலிருந்து பணம் அனுப்பி மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி ஆக்கிவிட்டார். ஒரே சுண்ணாம்பு நிறம், ஒரே தரை, எல்லாக் கதவுக்கும் ஒரே பாலிஷ். பாலிஷ் போடுவதற்காகக் கழற்றிய கதவு எண்களைத் திரும்ப மாட்டவில்லை. பெயிண்ட் வாடை போவதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்போம் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்ததால் சாவிக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

லிஃப்டில் போயிருந்தால் தப்பு நடந்திராது. ஆனால் புதிய லிஃப்டில் விளக்கைப் போட்டாலே மின்விசிறியும் சேர்ந்து சுற்றுகிறது. ஏற்றிய காமாட்சி விளக்கு என் கையில். அணைந்துபோனால் தங்களுக்கு யார் பதில் சொல்லுவது? எனவே படியேறினோம். வடிவு இடுப்பில் தண்ணீர்க் குடமும் கையில் பால் செம்புமாக முன்னால் போனாள். நான் தோளில் ஸ்டவ் பையும் கையில் விளக்குமாகப் பின்னால் போனேன். ஒரு மாடியில் கதவு திறந்திருந்தது, வடிவு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். என் எண்ணிக்கையில் அப்போது மூன்று மாடிதான் வந்திருந்தது. ஆனால் கருவூலத்தில் வேலை பார்த்த காலத்திலேயே நான் கூட்டியதை இன்னொருவர் கூட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவேன் என்பது தங்களுக்குத் தெரியும். முன்னால் போகிறவளுக்குத் தெரியாதா என்று நான் இருந்தேன். தப்பென்றால் பின்னால் வருகிறவர் சொல்லமாட்டாரா என்று அவள் இருந்திருக்கிறாள். பால்கனியில் போய்ப் பார்த்தேன். கோபுரம் இல்லை, ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுதான் தெரிந்தது. மேகம் மறைத்திருக்கும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

பால் பொங்கிற்று. வடிவு குலவையிட்டாள். அங்கே ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த இசக்கியப்பனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். அவன் நிதானமாகக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "மஹ்மூதா பீவி அம்மாவுக்கு நீங்க என்ன வேணும், அண்ணாச்சி?" என்று கேட்டான். யார் அது என்றேன். இந்த வீட்டுக்கு வரப்போகிற அம்மா என்றான். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்றதற்கு, "விளக்கோட உள்ள வாரவங்கள எவன் மறிப்பான்?" என்று திருப்பிக் கேட்டான்.

சரி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேலே போய் இன்னொரு தடவை காய்ச்சிவிடுவோம் என்றேன். வடிவு ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஒரு குடி போகதுக்கு ஒரு பாலுதான். பொங்குன வீட்ட விட்டுட்டு நான் எங்கன போயும் இன்னொரு அடுப்பு பத்த வைக்க மாட்டேன். அந்தம்மாட்ட நீங்க பேசுங்க" என்றாள். அத்தான், இந்த வயதில் எனக்கு வேண்டியது அவள் மனக்குறை இல்லாமல் இருக்கிற ஒரு வீடு, அவ்வளவுதான். ஆனால் அதற்காக முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம் போய் உங்கள் வீட்டை எங்களுக்குக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? பேச வேண்டியதை முகவுரை, காரணம், வேண்டுகோள் என்று பிரித்து மனதில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் லிஃப்ட் கதவு திறந்து, மேலப்பாளையத்திலிருந்து வீட்டைப் பார்க்க வந்த மஹ்மூதா பீவியே நேரில் நின்றார்கள். முகவுரை மறந்துபோய், ஒரு டம்ளர் பாலை நீட்டினேன்.

அவர்கள் அதை வாங்கிக்கொண்டு ஸ்டவ்வைப் பார்த்தார்கள், வடிவைப் பார்த்தார்கள். "இப்பம் நான் ஒங்களுக்கு விருந்தாளியா, நீங்க எனக்கு விருந்தாளியா, அண்ணாச்சி?" என்றார்கள். நான் காரணத்தில் ஆரம்பித்து, நடுவில் முகவுரை ஞாபகம் வந்து அதற்குத் திரும்பி, வேண்டுகோளுக்குப் போக வழி தெரியாமல் நின்றேன். அவர்கள் பாலைக் குடித்து முடித்துவிட்டு, "மதினிய எந்திரிக்கச் சொல்லாதீங்க. பால் பொங்குன எடத்துல ஒரு பொம்பள உக்காந்துட்டா உக்காந்ததுதான். நான் மேல போயிக்கிடுதேன். எனக்கென்ன, படியா ஏறப் போறேன்?" என்றார்கள். துபாய்க்குப் போன் போட்டதும் அவர்களே. ஷேக் மைதீன் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டாராம். இரண்டுக்கும் வாடகை ஒன்றுதான்.

இப்படியாக மூன்றாம் மாடி எங்களுடையதாயிற்று. கோபுரம் போய்விட்டது தங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். எனக்கு இந்த வீடு பிடித்துவிட்டது. வீட்டில் ரசம் வைக்கிற நாளிலும் மண்டபத்துச் சாம்பார் வாசனையோடு சாப்பிடலாம். லிஃப்டில் இறங்கப் பழகிவிட்டேன். ஏறத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. வடிவும் பீவி அம்மாளும் ஒரு வாரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஊறுகாய் கொடுத்துக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டார்கள். இன்றைக்கு அவர்கள் மேலே குடிவருகிறார்கள். "ஒங்க கைராசிக்கு எங்க வீட்லயும் நீங்களே காய்ச்சித் தாங்க, மதினி" என்று கூப்பிட்டதால் வடிவு போயிருக்கிறாள். அடுத்தவர் வீட்டுப் பால் என்பதால் அவள் சொன்ன சொல்லுக்கு மீறல் இல்லையாம். அந்த அமைதியில்தான் இதை எழுதுகிறேன்.

தங்களுக்கும் அக்காவுக்கும் காந்திமதியம்மை துணை இருக்கட்டும். தாங்கள் குறித்த நேரம் வீண்போகவில்லை என்பதை மறுபடியும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் அன்புக்குரிய,
அம்மையப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வடிவு இறங்கி வந்துவிட்டாள். மேலே பால் கிழக்கே பார்த்துப் பொங்கியதாம். இங்கே பொங்கியது தெற்கே பார்த்து. அதை இதுவரை என்னிடம்கூடச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். "காய்ச்சுனது நான், அப்பம் பொங்குனதும் எனக்குத்தானே?" என்கிறாள். இதை மேலேயே பீவி அம்மாளிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவர்கள், "ரெண்டு வீட்டையும் நீங்களே வச்சுக்கிடுங்க, மதினி. எனக்கு லிஃப்ட் போதும்" என்று சிரித்தார்களாம். சொன்னதோடு நிற்கவில்லை, அவர்கள் கட்டில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் பீரோ ஏறுவதற்காக வாசலில் நிற்கிறது. ஆகவே மேலே நான் எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் வாட்ச்மேனைக் கேட்டு, வடிவு எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறாளோ அந்த மாடிக்கு வரவும். நானும் அங்கேதான் இருப்பேன்.