நாலு லப்டொப்பும் மறுக்கா அண்ணையும்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியவர்களில் மறுக்கா அண்ணையைப் போல உழைத்தவரும் இல்லை, அவரைப் போல ஒரு வேலையையும் முடிக்காதவரும் இல்லை. காலை எட்டரைக்குக் கதிரையில் இருந்தால் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் மனிதர் நிமிர மாட்டார். தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்துக் கிடக்கும். துறைமுகத்துக்குள் கப்பல் ஊதுகிற சத்தத்துக்குக்கூடத் தலையைத் திருப்ப மாட்டார். அந்த உழைப்பில் ஒரு கிணறு வெட்டியிருந்தால் அன்புவழிபுரத்துக்குத் தண்ணீராவது கிடைத்திருக்கும்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் கந்தோரில் கொம்பியூட்டர் பழுது பார்க்கிற வேலை அவருக்கு; அங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை. எது பழுதென்றாலும் அவர் வாயில் வருவது ஒரே மருந்து: "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மறுக்காப் போடுவம்." மறுக்கா என்றால் திரும்பவும்; பட்டப்பெயரும் அதனால்தான் வந்தது. மௌஸ் அசையவில்லையா, மறுக்காப் போடுவம். எழுத்து சின்னதாகத் தெரிகிறதா, மறுக்காப் போடுவம். இன்ரர்நெற்றில் இறக்குவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "வயரால வாறது எல்லாம் அரைகுறை" என்பார். போடவேண்டிய புரோகிராம் சகலதையும் பதினொரு பென் டிரைவில் ஏற்றி, ஒரு நாடாவில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருப்பார். கைகழுவி, துடைத்து, மாலையிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுத்துச் சொருகும்போது யாரும் பேசக்கூடாது. ஒரு முறை நான் தும்மிவிட்டேன் என்று ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்.

நான் ஈச்சிலம்பற்றில் இருந்து வந்தவள். துறைமுகத்தடியில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த சின்ன சொஃப்ட்வெயர் கந்தோர் அது. அங்கே ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்கு என்னை எடுத்திருந்தார்கள். ஆறு மாதம் முடிய நிரந்தரக் கடிதம் தந்தால் இருப்பேன். தராவிட்டால் மாமாவின் அரிசி ஆலையில் தவிட்டுத் தூசிக்குள் போய்க் குந்தவேண்டியதுதான். மாமா ஏற்கெனவே எனக்கு ஒரு மேசை பார்த்து வைத்திருந்தார்.

எனக்குத் தந்த வேலை, லொறிகளை நிறுக்கிற தராசு மேடை ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுவது. எழுதுவதில் பிரச்சினை இல்லை. எழுதின துண்டுகளையெல்லாம் கடைசியில் ஒன்றாகச் சேர்த்துத் தருகிற லிங்கர் என்று ஒருவன் இருக்கிறான், அவனோடுதான் பிரச்சினை. கலியாண வீட்டு வாசலில் நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேளகாரன் வந்தானா, சமையல்காரன் வந்தானா, ஐயர் வந்தாரா? ஒருத்தர் இல்லையென்றாலும் கலியாணத்தை நிறுத்திப்போட்டு ஊருக்கே கேட்கக் கத்துவான்.

என்னுடைய புது லப்டொப்பில் அவன் முதல் நாளே கத்தினான். திரை முழுக்க எரர். நான் வாசிக்கக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து திரையில் அந்த எரர் ஜன்னலை மூடியது.

"அதை வாசிச்சுப் பிரயோசனம் இல்லை, தங்கச்சி. லிங்கர் எரர் எண்டால் வாசிச்சு விளங்க ஏலாது. எழும்புங்கோ, மறுக்காப் போடுவம்."

எழும்பினேன். அரை நாள் போனது. மறுக்காப் போட்டார். மறுக்காவும் அதே எரர்.

அந்த ஆறு மாதத்தில் அவர் கண்டுபிடித்த காரணங்களை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. முதலில் உப்புக்காற்று. கடற்காற்று லப்டொப்புக்குள் போய் லிங்கரை அரிக்கிறது என்று ஜன்னல்களைப் பூட்டி, என் லப்டொப்பை ஒரு துவாய்த் துண்டால் மூடி வைத்தார். சித்திரை வெயிலில் ஜன்னல் பூட்டிய அறையில் நாங்கள் அவிந்ததுதான் மிச்சம். பிறகு, லிங்கரும் சேர்ந்து வருகிற கொம்பைலரைப் போடும்போது நான் இடது பக்கத்தில் நின்றது பிழை என்றார். என்னத்துக்கு இடது பக்கம் என்று கேட்டேன். "வலது பக்கம் நிண்டு பாத்தனீங்களோ?" என்று திருப்பிக் கேட்டார். இப்படிப்பட்ட ஆளோடு வாதாடி வெல்ல யாரால் ஏலும்?

ஒருநாள் எரர் முழுவதையும் பிரின்ற் எடுத்தார். பதினொரு பக்கம். அமைதியாகப் படிக்கவேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு மரத்தடிக்குக் கொண்டுபோனார். திருகோணமலை மான்கள் றோட்டில் பஸ்ஸுக்கே வழி விடாதவை. மனிதர் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கிற இடைவெளியில் ஒரு கொம்பன் மான் வந்து மேலே கிடந்த இரண்டு பக்கங்களைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. திரும்பி வந்தவரின் முகத்தில் செத்த வீட்டுக் களை.

"முக்கியமான பக்கம் ரெண்டும் போயிட்டுது, தங்கச்சி."

"மிச்சம் ஒன்பது பக்கம் இருக்குத்தானே, அண்ணை?"

"இல்லை, இல்லை. துடக்கம் இல்லாமல் எப்பிடி வாசிக்கிறது? மறுக்காப் போடுறதுதான் வழி."

அந்த மானிடம் மிச்சத்தையும் கொடுத்திருந்தால் அது இவரைவிடக் கெதியாகக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்படியென்றால் கந்தோரில் வேலை எப்படி நடந்தது? மூலையில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. அதில் மட்டும் லிங்கர் சத்தம் போடாமல் சேர்ப்பான். நானும் என்னோடு ஒரே நாளில் சேர்ந்த மூன்று பேருமாக, புது லப்டொப் கிடைத்த நாலு பேரும் எழுதினதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அதற்கு முன்னால் வரிசையில் நிற்போம். "அது ராசியான மிசின்" என்று மறுக்கா அண்ணை விளக்கம் தந்தார். வெள்ளிக்கிழமைகளில் அதன் தலையில் ஒரு செவ்வரத்தம்பூவும் வைப்பார். படித்த நாலு பேர் பூ வைத்த கொம்பியூட்டருக்கு முன்னால் வரிசையில் நின்றோம் என்பதை நினைக்க எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கந்தோரின் முதலாளி கிண்ணியாக்காரர், நசீர் சேர். நல்ல மனிதர், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். அவர் பெரும்பாலும் வெளியே வாடிக்கையாளர்களோடு அலைவார், அதனால் இந்தக் கூத்தெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒரு நாள் அவருடைய சொந்தக் கொம்பியூட்டரில் பிரின்ற் வரவில்லை என்று மறுக்கா அண்ணையைக் கூப்பிட்டார். இவர் வழக்கம்போல எல்லாவற்றையும் அழித்துப்போட்டு மறுக்காப் போட்டார். மகளின் கலியாணப் படங்கள் அத்தனையும் போயின. கடைசியில் பார்த்தால் பிரின்ரரில் கடதாசி இல்லை.

"இஞ்ச பாருங்க, இதுதான் கடைசி," என்றார் நசீர் சேர். சத்தம் கீழே றோட்டு வரை கேட்டது. "இன்னொருக்கா உங்கட கையால இந்த ஒஃபிஸுக்கு ஒரு நட்டம் வந்தா, பேக்கைத் தூக்கிட்டு ஊட்டுக்கு போங்க. நான் ரெண்டாந்தரம் சொல்ல மாட்டன்."

நாங்கள் நாலு பேரும் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

என்னுடைய ஆறு மாதம் முடிகிற கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை தராசு மேடையில் புரோகிராமை ஓட்டிக்காட்டவேண்டும். அது ஓடினால் கடிதம், ஓடாவிட்டால் அரிசி ஆலை. புதன்கிழமை காலை மூலையில் இருந்த ராசியான மிசின் ஒருமுறை இருமிப் புகைவிட்டுச் செத்துப்போனது. போன வெள்ளிக்கிழமைப் பூ தலையிலேயே இருந்தது.

"பயப்பிடாதேங்கோ, தங்கச்சி," என்று மறுக்கா அண்ணை கழுத்தில் கிடந்த பென் டிரைவ் மாலையைத் தடவினார். "நாலு லப்டொப்பிலயும் மறுக்காப் போடுறன். ஒண்டெண்டாலும் ஓடும்."

வியாழன் காலையும் போட்டுக்கொண்டே இருந்தார். என்னுடையதை முடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. லிங்கர் கத்தினான். ஜன்னலை மூட ஒரு கையும் வரவில்லை. நான் முதல் வரியை வாசித்தேன்.

இந்த இடத்தில் இந்த ஃபைலைக் காணவில்லை என்று அதில் இருந்தது. இடத்தின் பெயரில், என்னுடைய பெயர் இருக்கவேண்டிய இடத்தில், வரிசையாகக் கேள்விக்குறிகள்.

லப்டொப்பில் கணக்குத் திறக்கும்போது கொடுக்கிற பெயரில்தான் நம்முடைய கோப்புறையும் உண்டாகும். நான் எழுதின புரோகிராம் எல்லாம் அதற்குள்தான் கிடந்தது. அந்தப் பெயர் தமிழில் இருந்தது. தயாளினி. நாங்கள் பாவித்த அந்தப் பழைய லிங்கருக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எதுவும் விளங்காது. கொம்பைலரை ஆயிரம் தரம் அழித்துப் போட்டாலும் கோப்புறையின் பெயர் மாறுமா? மூலையில் இருந்த மிசினுக்கு ராசியும் இல்லை, மண்ணும் இல்லை. அதில் திறந்திருந்த கணக்கின் பெயர் வெறும் 'admin'.

"அண்ணை, இந்த லப்டொப்புகளுக்குத் தமிழில ஆர் பேர் போட்டது?"

"நான்தான்," என்று முகம் மலர வந்தார். "நீங்கள் நாலு பேரும் வாறதுக்கு முதல்நாள் குந்தியிருந்து போட்டனான். வடிவா இருக்கெல்லே? புதுசா வாற பிள்ளையள் திறக்கேக்க முதல்ல தங்கட பேரைத் தமிழில பாக்கோணும் எண்டு நினைச்சன்."

நான் ஆங்கிலத்தில் 'thaya' என்று ஒரு புதுக் கணக்குத் திறந்தேன். வேலையை அதற்கு மாற்றினேன். பொத்தானை அழுத்தினேன். லிங்கர் ஒரு சத்தமும் இல்லாமல் சேர்த்துத் தந்தான். எல்லாம் இருபது நிமிடம்.

"அப்ப ஆறு மாசமா..." என்றார்.

"ஓம், ஆறு மாசமா."

"நான் மறுக்காப் போட்டது..."

"ஒண்டுக்கும் உதவேல்லை, அண்ணை. நோயைக் குடுத்ததும் நீங்கள், மருந்து குடுத்ததும் நீங்கள்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு மாத எரிச்சலையும் அந்த ஒரு வாக்கியத்தில் கொட்டினேன். மனிதர் பென் டிரைவ் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். பின்னேரம் வரை ஒன்றையும் தொடவில்லை. அவர் சும்மா இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தராசு மேடையில் புரோகிராம் ஓடியது. லொறி ஏறியது, நிறை திரையில் விழுந்தது, ரசீது வந்தது. நசீர் சேர் சிரித்த முகத்தோடு கந்தோருக்குத் திரும்பினார். படியேறி வந்தவருக்கு யாரோ மூலை மிசின் கதையைச் சொல்லியிருக்கவேண்டும். வாசலிலேயே முகம் மாறிவிட்டது.

"நாலு லெப்டொப் வாங்கித் தந்த நான். ஆறு மாசமா நாலும் சும்மா கிடந்திருக்கு. பழைய பெட்டிக்கு முன்னால நீங்க கியூவில நிண்டீங்களாம். யாரு இதுகள செட் பண்ணின?"

மறுக்கா அண்ணை எழும்பினார். அப்போதுதான் கவனித்தேன், அன்றைக்கு ஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தார். காலடியில் ஒரு பேக். அதற்குள் அவருடைய குடை, சீப்பு, தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. காலையில் வரும்போதே ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறார். என் பக்கம் குனிந்து, "நீங்கள் கதையாதேங்கோ, தங்கச்சி. உங்களுக்குக் கடிதம் கிடைக்கோணும்," என்றார்.

பிறகு முதலாளியைப் பார்த்து, "சேர்... நான்..." என்றார். சேர்ட் கொலரை இழுத்துவிட்டு மறுபடி "சேர்" என்றார். சொந்தப் பிழையைச் சொல்வதைக்கூட இந்த மனிதரால் ஒரு தரத்தில் முடிக்க முடியவில்லை.

"நான்தான் செட் பண்ணினனான், சேர்," என்றேன்.

"நீங்களா?"

"ஓம் சேர். நாலுக்கும் தமிழில பேர் போட்டதும் நான்தான். அதாலதான் பிழைச்சது. பிறகு நான்தான் கண்டுபிடிச்சுச் சரி பண்ணினன்."

மற்ற மூன்று பேரும் திரைக்குப் பின்னால் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். நசீர் சேர் என்னைப் பார்த்தார், பேக்கைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

"சரி புள்ள. இண்டைக்கு ஓட்டிக் காட்டினீங்க, அதால ஊட்டுக்கு அனுப்பல்ல. ஆனா கடிதம் இப்ப தர ஏலாது. இன்னும் மூணு மாசம் பாப்பம்."

மூன்று மாதம்! மாமாவுக்கு ரெலிபோனில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு கதிரையில் விழுந்தேன். மறுக்கா அண்ணை பேக்கிலிருந்து கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். குடையை ஆணியில் கொழுவினார். எல்லாம் முடிய, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தங்கச்சி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பேசாமல் போய் இருங்கோ, அண்ணை. எரிச்சலைக் கிளப்பாதேங்கோ."

கடிதம் மூன்று மாதம் பிந்தித்தான் வந்தது. எனக்கு அதில் இன்றுவரை ஒரு மனவருத்தமும் இல்லை. அன்றைக்கே கடிதம் கிடைத்து அவர் அந்தப் பேக்கோடு படியிறங்கிப் போயிருந்தால், அந்த அறையில் நான் யாரைத் திட்டிக்கொண்டு வேலை செய்திருப்பேன்?