ஜன்னல் அண்ணனும் இடம் மாறிய ஆறும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எந்த ஆறு எங்கே ஓடுகிறது என்பதில் அந்த ஆறுகளுக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கலாம். ஜன்னல் அண்ணனுக்குச் சந்தேகமே கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். அவர் அங்கே வரைபடங்கள் வரைபவர். சம்பளப் பட்டியலில் அவருக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை வேண்டுமென்று அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வராததால், வரைபடத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே டிரேசிங் தாளை வைத்து, வெயில் வெளிச்சத்தில் படியெடுப்பார். அப்படி வந்த பெயர்தான்.

காலையில் வெயில் என் மேசைப் பக்கம். என் ஜன்னலை அவர் படம் மறைத்திருக்க, பத்து மணி வரை நான் இருட்டில் தட்டச்சு செய்வேன். மத்தியானத்துக்கு மேல் வெயில் துவானின் அறைக்குப் போய்விடும். துவான் என்றால் எங்கள் மேலதிகாரி, சாந்தமான மலாய்க்காரர். அவருக்கு எதிரே கோலாலம்பூரிலிருந்து எவ்வளவு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்திருந்தாலும் ஜன்னல் அண்ணன் கதவைத் தட்டுவார், "மாஃப், துவான்" என்று மன்னிப்புக் கேட்பார், துவானின் தலைக்குப் பின்னால் படத்தை ஒட்டி வரையத் தொடங்கிவிடுவார். துவான் ஒரு மாதம் கோபப்பட்டார். பிறகு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

திசை இல்லாமல் அந்த மனிதருக்குப் பேச வராது. "இந்திராணி, கொஞ்சம் வடக்கால நகந்து உக்காருலா" என்பார் என்னிடம். சாப்பாட்டுக் கடையிலும் அதே கதைதான்.

"அண்ணே, தென்மேற்குல கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க."

பரிமாறுகிறவர் அசர மாட்டார். "தென்மேற்குல அப்பளம் இருக்குண்ணே. கெழக்கால தள்ளட்டுமா?"

பெரிய திட்டம் எதையும் தொடங்குமுன் அதனால் மண்ணுக்கும் நீருக்கும் மக்களுக்கும் என்ன பாதிப்பு வரும் என்று அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. ஒரு நாள் தலையணை கனத்தில் ஓர் அறிக்கை வந்தது. மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், ஈயம் தோண்டிய பழைய லம்பப் பள்ளம் ஒன்றில் நகரத்துக் குப்பையைக் கொட்டப் போகிறார்களாம். பக்கத்தில் குடியிருப்பு இல்லை, அருகிலிருக்கும் ஆறு இரண்டு மைல் தள்ளி என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் மறுப்புச் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். வழவழப்பான தாள், வண்ண வண்ணப் படங்கள். அலுவலகமே அதைத் தடவிப் பார்த்தது.

ஜன்னல் அண்ணன் எழுத்துப் பக்கம் எதையும் படிக்கவில்லை. நேராகப் படத்துக்குப் போனார். ஒரு ஸ்கேலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இந்திராணி, இந்த ரயில் பாலத்துலேருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைலு. நான் நடந்திருக்கேன். இவனுங்க படத்துல ரெண்டு மைலு வருது. பாலம் ஓடிப்போச்சா, பள்ளிக்கூடம் ஓடிப்போச்சா?"

"தெரியலையேண்ணே."

"பக்கம் நெறையணும்னு படத்தப் பெருசாக்கி நகல் எடுத்திருக்கானுங்க. ஒரு அங்குலத்துக்கு இத்தன மைலுங்கற அளவ மட்டும் மாத்தல. அதான் எல்லாமே ரெண்டு பங்காத் தெரியுது."

ஆக, ஆறு இரண்டு மைலிலிருந்து ஒரு மைலுக்கு வந்துவிட்டது. அவர் அத்தோடு விடவில்லை. பீரோவிலிருந்து புதிய படத்தை எடுத்து, அறிக்கையின் அளவுக்கே வரைந்து, இரண்டையும் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினார். சாலை சாலைமேல் உட்கார்ந்தது. தண்டவாளம் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்தது. ஆறு மட்டும் உட்காரவில்லை. அறிக்கையில் இருந்தது லம்பம் தோண்டுவதற்கு முந்தைய ஆறு. ஈயத்துக்காக அதை வெட்டித் திருப்பிவிட்டிருந்தார்கள். புதிய படத்தில் அது அந்தப் பள்ளத்தை உரசிக்கொண்டு ஓடியது.

அத்தனை பேர் தடவிப் பார்த்த தாளில் இவர் ஒருவர்தான் ஆற்றைப் பார்த்தார்.

"படம் சொல்லிருச்சு. இனி கால் சொல்லணும்" என்றார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கும் ஆள் விடுப்பில் இருந்ததால் புதன்கிழமை நான் போனேன், புடவையும் கட்டைச் செருப்புமாக. லல்லாங் புல் இடுப்பளவு. முதல் அரை மணி நேரத்தில் ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "பரவால, எடத்தக் குறிச்சுக்கிறேன்" என்று நிஜமாகவே தாளில் ஒரு புள்ளி வைத்தார்.

லம்பத்தின் கரையிலிருந்து தண்ணீருக்கு அறுபது அடிகூட இல்லை. தண்ணீரில் ஒரு பெண் வாளியோடு நின்றிருந்தார். பின்னால் மரங்களுக்கிடையில் பலகை வீடுகள். தோட்டத்தை விற்றபோது லயத்து வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் போட்டுக்கொண்ட சின்னக் கிராமம், எங்கள் பேச்சில் கம்பம். எந்தப் படத்திலும் இல்லை.

"அக்கா, இந்தத் தண்ணி குளிக்கவா?" என்று கேட்டார் ஜன்னல் அண்ணன்.

"குளிக்க, குடிக்க, ஆக்க, எல்லாம் இதான். இங்க பைப்பு ஏதுண்ணே?" என்றவர் என் காலைப் பார்த்தார். "ஏன்லா ஒத்தச் செருப்போட வந்திருக்க?"

ஜன்னல் அண்ணன் கம்பத்துக்குள் நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தாளில் ஒரு சின்னச் சதுரம் போட்டார். முப்பத்தேழு சதுரம். நாய் துரத்திய வீட்டைக்கூட விடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அறிக்கை எழுதிய நிறுவனத்திலிருந்து டை கட்டிய இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். நம்மவர்தான். "அண்ணே, எல்லாம் செக் பண்ணியாச்சுலா. பெரிய பெரிய ஆளுங்க பாத்தது" என்றார்.

ஜன்னல் அண்ணன் துவானின் தலைக்குப் பின்னால் அறிக்கையின் படத்தை ஒட்டினார். அதன்மேல் புதிய ஆறு. அதன்மேல் முப்பத்தேழு சதுரம். வெயில் மூன்று தாளையும் துளைத்துக்கொண்டு வந்தது. துவான் நாற்காலியோடு திரும்பினார். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"தம்பி, நீங்க அங்க போனீங்களா?" என்று மட்டும் கேட்டார் ஜன்னல் அண்ணன்.

பொறியாளர் கண்ணாடிக்கு அருகே போய்ச் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "போகலண்ணே" என்றார். அதைச் சொல்லும் நேர்மை அவருக்கு இருந்தது.

மறுப்புக் கடிதத்தை வெள்ளிக்கிழமை காலையில் நான்தான் தட்டினேன். குப்பை வேறிடம் போயிற்று. கடிதத்தில் ஜன்னல் அண்ணனின் பெயர் இல்லை. அவர் அதைத் தேடவும் இல்லை. துவான் மட்டும் தம் அறையின் திரைச்சீலையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, இனி வேண்டாம் என்றார்.

கம்பத்தை வரைந்த தாளின் படி ஒன்று என்னிடம் இருக்கிறது. கீழ் மூலையில், அளந்தவர்கள் என்று போட்டு, அவருடைய கையெழுத்தில் இரண்டு பெயர். அரை மில்லிமீட்டர் தவறினால் தாளைக் கிழித்துப் போடும் மனிதர் என் பெயரை 'இந்துராணி' என்று எழுதியிருக்கிறார். அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் அதைத் திருத்த மனம் வரவில்லை.