மச்சான் நிக்காஹும் டிராக்டர் பேட்டரியும்

கடைக்காரர்கள் முழு உண்மையையும் சொல்லித் தொலைக்க வேண்டும். பாதியைச் சொல்லிவிட்டு "உங்க இஷ்டம்" என்று கையை விரிப்பதால்தான் என்னைப் போன்ற நல்லவர்களின் மானம் சந்தி சிரிக்கிறது. (என் மனைவி இதைப் படித்தால் "நல்லவர்" என்ற இடத்தில் நின்றுவிடுவாள்.)

பரங்கிப்பேட்டையில் என் மாமனாரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. அதில்தான் அவர் மாப்பிள்ளையாகப் போனாராம். மகனும் அதில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம். சிதம்பரத்தில் மச்சானுக்கு நிக்காஹ். முதல்நாள் காலையில் பேட்டரி செத்துப்போனது. நான் மருமகனாகி ஒரு வருடம் ஆகியும் அந்த வீட்டில் என்னை நம்பி ஒரு வேலை தந்ததில்லை. "நான் பாத்துக்கறேன் மாமா" என்று கிளம்பினேன்.

கடலூர்க் கடைக்காரர் கேட்டார்: "பழைய பேட்டரிய எடுத்தாரலயா? அளவு பாக்கணுமே."

"அளந்துட்டுதான் வந்திருக்கேன்" என்று கைவிரல்களைச் சாண் அளவுக்கு விரித்துக் காட்டினேன். நீளம், அகலம் இரண்டும் துல்லியம்.

"ஒசரம்?"

"மேல காலியாதான் இருக்கு." (பானெட்டைத் திறந்துவைத்து அளந்தால் காலியாகத்தானே இருக்கும்!)

அவர் எடுத்துவைத்தது டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய காருக்கு இதுவா? பக்கத்தில் நெடுநெடுவென்று நின்றதைக் காட்டினேன்.

"அது டிராக்டருக்குப் போறதுங்க. நெல்லிக்குப்பத்துல கரும்பு இழுக்குறாங்கள்ல, அதுக்கு."

"கரும்பையே இழுக்குறது என் மச்சானை இழுக்காதா?"

"உங்க இஷ்டம்" என்றார், படுபாவி.

மறுநாள் பொருத்தினேன். ஒரே சாவியில் வண்டி உறுமியது. மாமா என்னைக் கட்டிக்கொண்டார். ஐந்து நிமிடம் நான்தான் அந்த வீட்டில் ராஜா.

மச்சான் மாலையோடு ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தோம், பானெட் மூடவில்லை. நான்கு விரல் இடைவெளி.

"கொஞ்சம் அமுக்குங்க மாப்ள" என்றார் மாமா. கவனியுங்கள், சொன்னது அவர்! பானெட் மேலேயே ஏறி உட்காரச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

உட்கார்ந்தேன். பேட்டரி முனை பானெட் தகரத்தில் முட்டியது. படபடவென்று தீப்பொறி பறந்து கரும்புகை கிளம்ப, நான் குதித்த இடத்தில் சீர்த்தட்டுகள் இருந்தன. வாழைப்பழத்தட்டு இரண்டு, அல்வாத்தட்டு ஒன்று. மச்சான் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினான்.

நிக்காஹுக்கு நேரமாகிவிட்டது. ஊரில் இருந்த வாடகைக் கார்கள் எல்லாம் எங்கள் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு முன்னமே போயிருந்தன. பக்கத்து வீட்டு மீன் வண்டிதான் கிடைத்தது. அத்தர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தோம், வஞ்சிரம்தான் ஜெயித்தது. சிதம்பரத்தில் பெண்வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு மாப்பிள்ளையை வரவேற்றார்கள். வழி முழுக்க மாமா எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து வந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேட்டரியில் என்ன குறை? ஒரு குறையும் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன்!

இத்தனை வருடம் கழித்து, போன வாரம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல உயரம். எல்லாம் பேசி முடிக்கும் நேரத்தில், மூலையில் உட்கார்ந்திருந்த மாமா வாயைத் திறந்தார்.

"ஒசரத்தை அளந்துட்டீங்களா மாப்ள? அப்பறம் ஜாஸ்தியாப் போச்சுன்னு மேல ஏறி உக்காந்துடப் போறீங்க."

வந்தவர்கள் விழித்தார்கள். என் மனைவி நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.