ஊறுகாய் ஜாடியும் மாதுளை மரங்களும்

ஷீராஸில் இருந்துகொண்டு எங்கள் அர்தகானின் மரங்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்லும் மச்சான் ஈரஜுக்கு, அத்தான் ஹூஷங் எழுதுவது. நீயும் குழந்தைகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நான் சுகம், உன் அக்கா தூரான் சுகம். மாதுளை மரங்கள் சுகமில்லை. அதற்கு நீதான் காரணம்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய்? "தண்ணி பத்தலேன்னா என்ன அத்தான், வேர்ப் பக்கத்துல பானையைப் புதைச்சு நிரப்பி மூடிடுங்க. கசிஞ்சு கசிஞ்சு மரம் குடிக்கும்." எந்தப் பானை என்று சொல்லாமலே பஸ் ஏறிவிட்டாய். உன் அக்கா யஸ்து நகரத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அவளுடைய ஊறுகாய் ஜாடிகளைக் காலி செய்து மரத்துக்கொன்றாகப் புதைத்தேன். தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்ப்பேன். நிரப்பிய தண்ணீர் நிரப்பியபடியே இருக்கும். மரங்கள் இவ்வளவு சிக்கனமாகிவிட்டனவே என்று எனக்கு ஒரே பூரிப்பு. இலைகள் சுருண்டபோது பக்கத்துத் தோட்டத்து நஸ்ரொல்லா மதில்மேல் தலையை நீட்டினான்.

"என்ன அண்ணே, மரத்தை ஊறுகாய் போடுறீங்களா? அது பளபளன்னு மெருகு போட்ட ஜாடி. அதுல கசிவு இருந்தா அண்ணியோட வினிகர் எப்பவோ ஓடிப்போயிருக்குமே."

அவமானம் தாங்காமல் வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீரை எடுத்தேன். நிறைய ஊற்றினால்தானே நிறைய உப்பு என்று கணக்குப் போட்டு, மரத்துக்குத் தினம் ஒரு செம்பு மட்டும் ஊற்றினேன். வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை எனக்கு விட்டுவைத்தது. மரத்தடியெல்லாம் பனி பெய்தாற்போல வெளுத்துவிட்டது. உன் அக்கா திரும்பி வந்தது அந்த நேரம் பார்த்துத்தான். ஜாடிகளைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. உங்கள் அப்பா அவள் கல்யாணத்துக்குக் கொடுத்த கன்றுகள் அல்லவா, ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் வாய்க்காலில் நல்ல தண்ணீர் விடும் எங்கள் முறை. என் பிஸ்தா மரங்களுக்குப் போகிற தண்ணீரை அவள் மண்வெட்டியால் மறித்து, முழுவதையும் மாதுளைக்குத் திருப்பிவிட்டாள்.

"தூரான், பிஸ்தா காய்ஞ்சிடும்மா."

"பிஸ்தா உப்பைத் தாங்கும். உங்களோட இத்தனை வருஷம் இருந்துட்டேன், நானும் எதையும் தாங்குவேன். என் மரம் தாங்காது. தண்ணி ஒரேயடியா ரொம்பி நின்னாத்தான் உப்பு கீழே இறங்கும். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். பெரிய மரம் பட்டுப்போய்விட்டது. அதை நினைத்து அவள் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மற்றவை துளிர்த்திருக்கின்றன. தோட்டத்துக்குள் கால் வைக்க எனக்கு இப்போது அனுமதி இல்லை. ஆகவே மச்சான், இனி நீ யோசனை சொல்லாதே. நானும் இனி ஒரு கன்றையும் தொடுவதில்லை என்று அவள் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் வீட்டுக் குழாயில் என்றும் நல்ல தண்ணீரே வரட்டும்.

அன்புள்ள,
ஹூஷங்

பி.கு.: உன் ஊர்ப் பக்கத்து ஜஹ்ரோமிலிருந்து ஆரஞ்சுக் கன்றுகள் வியாழக்கிழமை பஸ்ஸில் வருகின்றன. கடல் தண்ணீர் ஊற்றினாலும் காய்க்கும் என்று விற்றவன் அடித்துச் சொல்கிறான். அக்கா போனில் கேட்டால், நீதான் அனுப்பினாய் என்று சொல்லிவிடு.